யாருடையது என்று கேட்டால்

கஞ்சா இழுத்த கும்பலோடு என் பெரியவன் பள்ளியில் பிடிபட்டான். சும்மா கூட நின்றேன் என்று சத்தியம் செய்தானாம். சிறுநீர்ச் சோதனையில் சுத்தம் என்று வந்தால் பரீட்சை எழுதலாம், இல்லாவிட்டால் நீக்கம் என்று சொல்லித் தலைமையாசிரியர் ஒரு காலிப் புட்டியை என் கையில் கொடுத்தார். காலையில் பிடித்துக்கொண்டு வர வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்து சட்டையைப் பிடித்து உலுக்கினேன். முந்தாநாள்கூட இழுத்தேன் என்று அழுதான், நாசமாய்ப் போனவன். தையல் கம்பெனியில் காலர் அடித்து அடித்து முதுகு ஒடிகிறவள் நான். இவன் படித்துக் கரையேறுவான் என்றுதான் இருந்தேன். இருந்தாலும் பெற்ற வயிறு கேட்குமா?

என்னுடையதைக் கொடுக்கலாம் என்றால், எனக்குச் சர்க்கரை. அதுவே காட்டிக் கொடுத்துவிடும். சின்னவள் எட்டாவது படிக்கிறாள், இன்னும் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். விடிந்ததும் பெரியவனுக்குத் தெரியாமல் அவளை எழுப்பி, உடம்பில் சத்து இருக்கிறதா என்று பார்க்கப் போகிறார்கள் என்று புளுகினேன். இப்போது வரவில்லை, நாளைக்குத் தருகிறேன் என்றாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்து, ஒரு சொம்புத் தண்ணீரைக் குடிக்கவைத்து, புட்டியோடு கழிவறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

முடிவு வந்த அன்று லீவு போட்டுவிட்டு அவனோடு போனேன். மகராசி மாதிரி நிமிர்ந்துதான் உட்கார்ந்தேன். தலைமையாசிரியர் காகிதத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கஞ்சா இல்லம்மா. வலி மாத்திரை. போதைக்குப் போடுவாங்களே, அது."

அது அவனுடையது இல்லை என்று சொன்னால் யாருடையது என்று கேட்பார். வாயைத் திறந்தால் ஒருத்தி போவாள், மூடினால் ஒருத்தன் போவான். பாவி, நான் என்ன செய்வேன்?

பெரியவன் என் முகத்தையே பார்த்தான். பிறகு எழுந்து நின்றான்.

"நான்தான் சார் போட்டேன்."

அவனுடைய மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சின்னவள் விஷயம் உனக்கு முன்னாடியே தெரியுமாடா என்று கேட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டான்.

"அடிச்சுப் பாத்தேம்மா, கெஞ்சியும் பாத்தேன். நானே கஞ்சா இழுத்துட்டு வந்து புத்தி சொன்னா, அவ எப்படிம்மா கேப்பா?"