வைஜெயந்தியின் தாடை

கப்பல் ஏறப்போன பல் டாக்டரை, மகள் வைஜெயந்தியை இழுத்துக்கொண்டு வந்து கட்சால் தீவின் ஜெட்டியிலேயே மறித்துவிட்டாள் பொன்னம்மா.

“எம் புள்ளைக்கு லேசுன்னு எழுதினது நீங்கதானே?”

சந்திரமோகன் சலிப்போடு பெட்டியைக் கீழே வைத்தார். பள்ளிப் பிள்ளைகளின் பல்வரிசையை ஆராய மெயின்லேண்டிலிருந்து வந்தவர். கீழ்வரிசையைவிட மேல் முன்பல் எவ்வளவு துருத்தியிருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்து லேசு, நடுத்தரம், கடுமை என்று பிரிப்பார். கடுமை என்றால் போர்ட் பிளேரில் இலவசமாகக் கம்பி கட்டுவார்கள். லேசு என்றால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

“நல்லா அளந்துதான் எழுதினேன்மா. கட்சால்ல யாருக்குமே கடுமை இல்ல. ரிப்போர்ட்டும் அப்படித்தான் போகும்.”

“ரொட்டியக்கூட முன்பல்லால கடிக்க முடியாதுங்க அவளுக்கு. அது கடுமை இல்லாம வேற என்னா?”

“பல்லு சொல்றதத்தான் எழுத முடியும். அம்மா சொல்றத இல்ல.”

பொன்னம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அளந்த நேரத்தில் அவள் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் ‘சூஹா’ என்று எலிப்பட்டம் கட்டிய நாளிலிருந்து கீழ்த்தாடையை முன்னால் தள்ளி, உதட்டை மூடிக்கொண்டு நிற்கப் பழகியிருந்தாள் வைஜெயந்தி. அந்நிய முகத்தைப் பார்த்தாலே தாடை தானாக முன்னுக்கு வந்துவிடும். போதாக்குறைக்கு, ‘டாக்டர் முன்னாடி லட்சணமா நில்லு’ என்று அன்று சொல்லியனுப்பியதும் பொன்னம்மாதான்.

“தாடைய விடுடி.”

“மாட்டேன். எல்லாரும் பாக்குறாங்க.”

“தேக்கோ டாக்டர் சாப், பாருங்க, வேணும்னே தள்ளி வச்சிருக்கா!”

“நல்லாத்தானே இருக்கு? டிராமா போதும், நகருங்க.”

கப்பல் சங்கு ஊதியது. பொன்னம்மா மகளின் பிடரியைப் பிடித்து, ஆள்காட்டி விரலைப் பல்லுக்கு நடுவே திணித்தாள். “விடுடி சனியனே!”

வைஜெயந்தியின் கண்ணில் வெறி ஏறியது. இத்தனை நாளும் இழுத்துப் பிடித்திருந்த தாடை சட்டென்று பின்னால் நழுவ, நறுக்கென்று கடித்தாள்.

பொன்னம்மா விரலை உருவி, பக்கவாட்டில் திருப்பி, டாக்டரின் கண்ணுக்கு நேரே நீட்டினாள். மேல்வரிசைத் தடம் நடுக்கணுவில் கிடந்தது. கீழ்வரிசை எங்கோ விரல்நுனியை ஒட்டி.

“இப்ப அளங்க.”

கப்பல் ஏணியருகில் நின்றவன், “ஜல்தி, ஜல்தி!” என்று கத்தினான். வைஜெயந்தி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு கடலைப் பார்த்துத் திரும்பி நின்றாள். டாக்டரின் கை ஸ்கேல் இருந்த சட்டைப்பை வரை போய், அங்கேயே நின்றது. இரண்டு தடங்களுக்கும் நடுவில் ஒரு சொட்டு ரத்தம், எந்தப் பக்கம் வழிவதென்று தெரியாமல் திரண்டுகொண்டிருந்தது.