பூவாடைப் பட்டு

ஆகஸ்ட் 26, செவ்வாய். சரிகை கறுத்ததற்கு மழைதான் காரணம் என்று நேற்று எழுதியது தவறு. பாதித் தவறாவது இருக்கும். அலமாரி நான் சொல்லி வாங்கியது.

கள்ளக்குறிச்சியில் மாலைத் தட்டச்சு வகுப்பு முடிந்து தியாகதுருகம் வந்து சேர்ந்த மணிமொழி, இதை எழுதிவிட்டுப் 'பாதி' என்பதை அடித்தாள். பிறகு மறுபடி எழுதினாள்.

தாலியோடு போய்ச் சேர்ந்த அம்மாவை வீட்டில் பூவாடைக்காரி என்னும் குலதெய்வமாகக் கும்பிட்டார்கள். அவள் பெயரில் வைத்த வெள்ளிச் சரிகைப் பட்டு மூங்கில் கூடையில் உத்தரத்தில் தொங்கியது. வீட்டில் கல்யாணம் வந்தால் அதைப் பிரித்துப் பெண்ணுக்குக் கட்டிவிட்டு, புதிதொன்று வைப்பது வழக்கம். இப்போதெல்லாம் மாசியிலும் மழை கொட்டுகிறது. கூடையில் பூஞ்சை பிடித்தபோது, மணிமொழிதான் அப்பாவிடம் மன்றாடிப் புடவையைப் புது பிளைவுட் அலமாரிக்கு மாற்றினாள். பாச்சா உருண்டைகளையும் கைநிறைய அள்ளிப் போட்டாள். கதவைத் திறந்தால் கண் எரியும். இனிப் பூச்சி அண்டாது என்று நிம்மதியாக இருந்தாள்.

நேற்று அக்கா தேவிப்ரியாவின் கல்யாணத்துக்காகப் படையல் போட்டுப் பிரித்தார்கள். சரிகை அடுப்புக்கரியாக இருந்தது. மடிப்பில் விரல் வைத்ததும் பட்டு இற்றுக் கிழிந்தது. அப்பா ராஜாங்கம் சூடம் ஏற்றவில்லை. மாப்பிள்ளை அக்காவே பார்த்துக்கொண்டவர். அப்பா அரைமனதாகத்தான் தலையாட்டியிருந்தார்.

"உங்கம்மாவுக்கு இஷ்டமில்ல. அதான் சொல்லிக்கினு கீறா."

"உசுரோட இருந்தப்ப வாயே தொறக்காது. இப்ப மட்டும் பேசுதா?" என்றாள் அக்கா.

புழுக்கம், பலகையின் பசை, உருண்டையின் நெடி எல்லாம் காற்றுப் புகாத அலமாரிக்குள் அடைந்து வெள்ளியைத் தின்றிருக்கும் என்று மணிமொழி ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள். அப்பா பொறுமையாகக் கேட்டார்.

"அதே அலமாரில உங்கத்த பட்டும் கீதே. அதுக்கு ஒண்ணும் ஆவலியே?"

அது பிளாஸ்டிக் சரிகை என்றாள். சொல்லும்போதே, அது மட்டும்தான் காரணமா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. குரல் இறங்கியது. அந்த இறக்கத்தையே அப்பா பதிலாக எடுத்துக்கொண்டார்.

இப்போது புடவை வாசல் கொடியில் தொங்கியது. தூறல் போட்டது. எடுக்க யாரும் எழுந்திருக்கவில்லை. அக்கா இருந்த உள்ளறைக் கதவு சாத்தியே இருந்தது. கறுத்த கரையிலிருந்து நீர் சொட்டியது. அவள் பேனாவை எடுத்தாள்.

நாளை: அத்தையோடு முதல் பேருந்தில் எலவனாசூர்கோட்டை போக வேண்டும். அப்பா முடிவாகச் சொல்லிவிட்டபடி, கல்யாணம் இல்லையென்று மாப்பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டும்.