களியை விட்ட பன்னிரண்டாம் நாள்

"ரொம்ப வேர்க்குதுங்களே?"

"வேர்க்கட்டும் வுடு. கொழுப்பு கரையுது."

மொரப்பூர் ஸ்டேஷன் பெஞ்சில் மதலைமுத்து உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. சேலத்தில் தங்கச்சி பேத்திக்கு ஞானஸ்நானம். காலை எட்டரைதான், வெயில்கூட ஏறவில்லை. மனைவி புஷ்பமேரி முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க ஊறியது.

களியை விட்டுப் பன்னிரண்டு நாள். சோறு, இட்லி எதுவும் இல்லை. முட்டை, கீரை, கோழி, அவ்வளவுதான். முதல் ரெண்டு வாரம் தலை சுற்றும், கை நடுங்கும், தாங்கிக்கொண்டால் சர்க்கரை ஓடிப்போகும் என்று மகன் சேர்த்துவிட்ட வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தார்கள். போன வருஷம் இவருடைய அண்ணனுக்குச் சர்க்கரையால் முழங்காலோடு கால் போனது. அந்தப் பயத்தில்தான் இத்தனை கட்டுப்பாடும்.

"இன்னொரு முட்டை திங்கறீங்களா?"

"உம்."

உரித்துக் கொடுத்தாள். கை அதைப் பிடிக்கவில்லை. முட்டை உருண்டு பிளாட்பாரத்தில் விழுந்தது. அவர் அதைப் பார்க்கவும் இல்லை.

"ஏங்க. என்னப் பாருங்க."

"மாட்ட... புடிச்சுக் கட்டிட்டியா?"

"எந்த மாடுங்க? வித்து ஆறு வருஷமாச்சே. மாதாவே, என்னமோ பேசறாரே."

டீக்கடைக் காவேரி எட்டிப் பார்த்தவள் ஓடி வந்தாள்.

"சர்க்கரைக்காரருங்களா அக்கா? மாத்திரை போட்டாரா?"

"காலைல ரெண்டு. எப்பவும் போடறதுதான்."

"என்ன சாப்பிட்டாரு?"

"ஒரு முட்டை. டயட்ல இருக்கறாரு."

"ரெண்டு வேளை களி திங்கற ஆளுக்குக் குடுத்த மாத்திரைங்க அது. களிய நிறுத்திட்டு மாத்திரைய மட்டும் நிறுத்தாம போட்டா? எங்கப்பாரு இப்படித்தான் வயக்காட்டுல வுழுந்தாரு. சர்க்கரை எறங்கிப்போச்சு. தண்ணியில சர்க்கரை கரைச்சுத் தரேன், குடிக்க வையுங்க."

"சர்க்கரையா? வேணாம்மா. அவங்க அண்ணன் காலு..."

"காலப் பத்தி நாளைக்குப் பேசலாம். ஆளு இருக்கணுமில்ல."

புஷ்பமேரி டம்ளரை வாங்கி அவர் வாய்வரை கொண்டுபோய் நிறுத்தினாள். கொடுத்தாலும் பயம், கொடுக்காவிட்டாலும் பயம்.

"முழுங்குங்க. என்னங்க, முழுங்குங்க."

பாதி மார்பில் வழிந்தது. பாதி இறங்கியது. பத்து நிமிஷம் அவர் வாயையே பார்த்துக்கொண்டு ஜெபம் சொன்னாள். பாதி ஜெபம் மறந்துபோயிற்று.

"மேரி, வாயெல்லாம் இனிக்குது. என்னத்தக் குடுத்த?"

"சர்க்கரைத் தண்ணி."

"பன்னண்டு நாள் பட்ட பாட்ட ஒரு டம்ளர்ல கெடுத்துட்டியே."

"திட்டறாரு பாருங்க. ஆளு வந்துட்டாரு" என்றாள் காவேரி. ஒரு பன்னை அவர் கையில் வைத்தாள். "இதையும் தின்னுட்டு நேரா டாக்டர்கிட்ட போங்க. டயட்ல இருக்கறத சொல்லுங்க. அவரக் கேக்காம அடுத்த மாத்திரையத் தொடாதீங்க."

ரயில் வந்து நின்றது. மதலைமுத்து எழுந்து பையை எடுத்தார்.

"ஏறு மேரி."

"நா ஏறமாட்டேன்."

"இப்ப நல்லாத்தான இருக்கறேன்?"

"முன்னயும் கொழுப்பு கரையுதுன்னுதான சொன்னீங்க. ஓடற வண்டியில மறுபடி இப்படி வந்தா நா யாரங்க கூப்புடுவேன்?"

அவர் பையைக் கீழே வைத்தார். ரயில் போய்விட்டது.

புஷ்பமேரி காவேரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆட்டோ வரைக்கும் கூட வாம்மா."

"அங்கதான் நிக்குதுங்க அக்கா, பத்து எட்டு வெச்சா போதும்."

"பரவால்ல. வா."