இருபத்துமூன்றாம் கடிதம்

கட்சிக் கொடியில் இருப்பது வல்லூறு. வரைந்தவர் கட்சியை ஆரம்பித்தவர். ஆனால் உயிருள்ள வல்லூறை அவர் நின்று பார்த்தது பிறகுதான், சிறையில். ஜன்னலுக்கு எதிரே தண்ணீர்த் தொட்டியின்மேல் ஒரு ஜோடி கூடு கட்டியிருந்தது. பார்த்ததையெல்லாம் மனைவிக்கு எழுதினார். அந்த நாற்பத்தொரு கடிதங்களும் எங்கள் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஆட்சி கட்சியின் கைக்கு வந்ததும் புத்தகமாகப் போடச் சொன்னார்கள். தட்டச்சு என் வேலை. சரிபார்ப்பது அத்தான், அக்கா புருஷன். என்னை அங்கே சேர்த்துவிட்டதும் அவர்தான்.

இருபத்துமூன்றாவதில் வந்தது வினை. பெரிய குஞ்சு சின்னதை மூன்று நாள் கொத்திக் கொன்றது. தாய் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. பிறகு செத்ததைக் கிழித்துப் பெரியதற்கு ஊட்டியது. ‘இதைக் கொடியில் போட்டது என் முட்டாள்தனம். வெளியே வந்ததும் மாற்றுவேன்’ என்று முடித்திருந்தார். அவர் வெளியே வரவில்லை.

கட்சிச் செயலாளர் படித்தார். “இது வேணாம், எடுத்துடுங்க.”

“வரிசை எண் இடிக்குமே சார்,” என்றார் அத்தான்.

“இருபத்துநாலை இருபத்துமூணு ஆக்குங்க. அப்படியே கடைசி வரைக்கும். இதுக்கும் நான்தான் வரணுமா?”

அவர் போனதும் அத்தான் சொன்னார்: “மாப்ளே, இந்த ஒரு தடவை எண்ணை மாத்திடு. தூங்கி வழிஞ்சு கோட்டை விட்டுடாத.”

“நீங்க வேற அத்தான்.”

காப்பகத்தில் ஒரு தாளுக்குக் கொடுத்த எண்ணை இன்னொன்றுக்குக் கொடுக்க மாட்டோம். தாள் எரிந்தே போனாலும் எண் அப்படியே கிடக்கும். ஆறு வருஷமாக அதிலேயே பழகிய கை. இருபத்திரண்டுக்கு அடுத்து இருபத்துநான்கு என்று அடித்திருக்கிறேன். எனக்கே தெரியவில்லை. அத்தான் என்னை நம்பி, பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

புத்தகம் வந்த நான்காம் நாள், பேருந்து நிலையச் சுவரில் கரியால் வல்லூறை வரைந்து ‘23 எங்கே?’ என்று எழுதியிருந்தார்கள். மறுநாள் ஊரெல்லாம் அதே கேள்வி.

செயலாளர் இரண்டு ஆட்களோடு வந்தார். “வேணும்னே விட்டது யாரு?”

கைப்பழக்கம் என்று சொல்லலாம். வேறு யாராவது சொன்னால் நானே நம்ப மாட்டேன்.

“அத்தான் குடுத்ததைத்தான் அடிச்சேன்,” என்றேன்.

அத்தான் என்னைப் பார்த்தார். “கையெழுத்து என்னோடதுதான்,” என்று மட்டும் சொன்னார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அடி விழப்போகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அவரைக் கூட்டிப்போய் மூன்று வாரமாகிறது. இப்போது சரிபார்ப்பதும் நான்தான். அக்கா தினமும் சிறை வாசலில் நிற்கிறாள், உள்ளே விடுவதில்லை. நேற்று செருப்பைக்கூடக் கழற்றாமல் படியில் உட்கார்ந்தாள்.

“எண்ணை மாத்தச் சொல்லிப் படிச்சுப் படிச்சுச் சொன்னாங்களாமே. இந்த மனுஷன் ஏன்டா மாத்தாம விட்டாரு? வீட்டுல ரெண்டு பிள்ளைங்க இருக்கிறது தெரியாதா அவருக்கு?”

“தெரியலக்கா,” என்றேன்.