உம் கொட்டாத கூட்டம்

பண்ணைப்புரத்தில் கதை சொல்லத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. கதை கேட்கத் தெரிந்தவர் ஒச்சாண்டி ஒருவர்தான். கேட்பது என்ன பெரிய வித்தையா என்று யாராவது நினைத்தால், அவர்கள் உம் கொட்ட ஆளில்லாமல் ஒரு கதையைச் சொல்லிப் பார்க்கட்டும். ராஜா காட்டுக்குள் போவதற்குள் நாக்கு வறண்டுவிடும்.

அந்த ஊரில் கதை என்றால் எதிரே ஒருவர் உம் கொட்டியாக வேண்டும். ‘உம்’ வராவிட்டால் சொல்கிறவர் அப்படியே நிறுத்திவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார். அதனால்தான் கடலை உடைக்க ஆள் கூப்பிடுகிறவர்கள் முதலில் ஒச்சாண்டி வருகிறாரா என்று விசாரிப்பார்கள். ஓர் ஆள் உடைக்கும் கடலையில் பாதிகூட அவர் உடைக்க மாட்டார். ஆனால் அவர் உட்கார்ந்து உம் கொட்டினால் கதை நிற்காது, கதை நிற்காவிட்டால் மற்றவர்கள் கை நிற்காது. ராஜகுமாரி அழும்போது அவருடைய உம் தொண்டைக்குள்ளேயே கரைந்து போகும். சண்டை வந்தால் சுருக்கென்று வெட்டும். கதை சொல்கிறவர் அளவுக்கு மீறிப் புளுகினால் இழுத்து ஒரு உம் வரும். ‘சரி, இந்த ஒரு தடவை விட்டுத் தர்றேன், மேல சொல்லு’ என்று அதற்கு அர்த்தம்.

ஒச்சாண்டிக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆனாலும் சென்னையிலிருந்து வரும் ஒரு மாதப் பத்திரிகைக்கு அவரைப் போல் காத்துக் கிடந்தவர் ஜில்லாவிலேயே இருந்திருக்க மாட்டார். வாசகசாலைக் காரியதரிசி சங்கரலிங்கம், பத்திரிகை வந்ததும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதை உரக்கப் படிப்பார். அதில் மேகவர்ணன் என்பவர் ஒரு மாயக் கதையைத் தொடராக எழுதிக்கொண்டிருந்தார். மனிதர்களின் நிழலைப் பாயைப் போலச் சுருட்டிப் பானைக்குள் அடைத்து வைக்கும் மந்திரவாதி ஒருவன். அவனிடம் நிழலைப் பறிகொடுத்த பவளவல்லி, அதைத் தேடி மலை மலையாக அலைகிறாள். ஒச்சாண்டி அவளோடு சேர்ந்தே அலைந்தார். கிணற்றில் தண்ணீர் இறைக்கக் கமலை ஓட்டும்போது திடீரென்று மாட்டை நிறுத்தி, தன் நிழல் தரையில் விழுகிறதா என்று பார்த்துக்கொள்வார்.

அப்பேர்ப்பட்ட மேகவர்ணன், வாசகசாலையின் ஆண்டு விழாவில் ‘கதை சொல்லும் கலை’ என்று பேசுவதற்காக நேரிலேயே வரப்போகிறார் என்றதும் ஒச்சாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. துவைத்த வேட்டியை மறுபடியும் துவைத்தார்.

“பொண்ணு பாக்கவா வாராக? கதை பேசத்தான வாராக,” என்றாள் மனைவி ராஜாத்தி.

“முன்னால உக்காந்து உம் கொட்டுற ஆளு அழுக்கா இருக்கலாமா?” என்றார் அவர்.

அந்த நினைப்பில்தான் சங்கரலிங்கம் மண்ணைப் போட்டார். மதுரையில் கூட்டங்களைப் பார்த்து வந்த மனிதர் அவர். பட்டணத்துப் பேச்சாளர் முன்னால் ஊர் மானம் போய்விடக் கூடாது என்ற கவலையிலேயே அந்த வாரம் முழுக்க இளைத்துப் போனார். விழாவுக்கு முன்னால் ஊரைக் கூட்டி வைத்து ஒத்திகை பார்த்தார்.

“பேசுறப்ப ஒருத்தரும் வாயத் தெறக்கக் கூடாது. நடுவுல கேள்வி கேக்கக் கூடாது. நான் தோள்ல கெடக்குற துண்ட எடுத்தா எல்லாரும் கை தட்டணும். மறுபடி போட்டா நிறுத்தணும். அம்புட்டுத்தான்.”

“உம் கொட்டலாமுல்ல தம்பி?” என்றார் ஒச்சாண்டி.

“அது மட்டும் வேண்டாம்ணே. பட்டணத்துல உம் கொட்டுனா சிரிப்பாக. உங்களத்தான் முக்கியமாச் சொல்லுறேன். அன்னிக்கு உங்க வாயில இருந்து ஒரு உம் வந்துச்சுன்னா, அப்புறம் வெள்ளிக்கெழமை வாசகசாலைக்குள்ள நீங்க காலெடுத்து வைக்கக் கூடாது. என் கையில அடிச்சுச் சொல்லுங்க.”

ஒச்சாண்டி வெகுநேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை போனால் பவளவல்லி போய்விடுவாள். அப்புறம் அவள் நிழல் கிடைத்ததா இல்லையா என்று அவர் யாரிடம் போய்க் கேட்பார்? கையில் அடித்துக் கொடுத்தார்.

விழா நாளன்று வாசகசாலைக்குப் பின்னால் இருந்த களத்தில் ஊரே கூடியிருந்தது. மந்திரவாதிகளை அந்த ஆட்டம் ஆட்டிவைக்கிற மனிதர் ஆஜானுபாகுவாக இருப்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்திருந்தார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கியவரோ காற்றடித்தால் சாய்ந்துவிடுவார் போல் இருந்தார். மூக்குக் கண்ணாடி மட்டும் இல்லையென்றால் முகம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அவர் களத்தைக் கடந்து வரும்போது பெண்கள் பக்கம் ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

“விழுகுதுடி ஆத்தா,” என்றாள் மொக்கம்மாள் நிம்மதியாக. “நெழலு நல்லாத்தேன் விழுகுது.”

ஒச்சாண்டி முன்வரிசையில் உட்கார்ந்து, வாய் கொள்ளாமல் வெற்றிலையை அடைத்துக்கொண்டார். வாய்க்கு அவர் போட்ட பூட்டு அதுதான்.

மேகவர்ணன் பேச ஆரம்பித்தார். கற்பனை எங்கிருந்து வருகிறது, பொய்யை எப்படி நம்ப வைப்பது என்றெல்லாம் அழகாகத்தான் சொன்னார். கூட்டம் கற்சிலையாக உட்கார்ந்திருந்தது. இருமல் வந்தவர்கள்கூட எழுந்து போய்ச் சோளக்காட்டுக்குள் இருமிவிட்டு வந்தார்கள். அவர் ஒரு வேடிக்கை சொல்லிவிட்டு நிறுத்தினார். சிரிக்கலாம் என்று ஒத்திகையில் சொல்லவில்லையே, எப்படிச் சிரிப்பார்கள்? எல்லோருடைய கண்ணும் சங்கரலிங்கத்தின் துண்டின் மேலேயே இருந்தது.

“என் முதல் கதையை ஒன்பது பத்திரிகைகள் திருப்பி அனுப்பின,” என்றார் மேகவர்ணன், குரல் தழுதழுக்க. “அன்று இரவு நான் சாப்பிடவில்லை.”

அந்த நேரம் பார்த்து சங்கரலிங்கத்துக்கு நெற்றியில் வேர்த்தது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். களம் அதிர்ந்தது. அப்படி ஒரு கைத்தட்டலை ஊரைச் சுற்றி நின்ற மலைகள் கேட்டதில்லை. பதறிப்போன சங்கரலிங்கம் துண்டை மறுபடி தோளில் போட மறந்து, அதைக் கையில் பிடித்துக்கொண்டே நிறுத்தச் சொல்லி ஆட்டினார். ஊர் இன்னும் பலமாகத் தட்டியது.

ஒருவழியாக ஓய்ந்தபோது மேகவர்ணன் முகத்தில் ரத்தம் இல்லை. “நான் சொல்வது உங்களுக்குப் பிடிக்கவில்லையென்றால்...” என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. சொன்ன சொல் தவறாத ஊர் அது.

அவர் தம்ளரை எடுத்தார். குடிக்காமலே கீழே வைத்ததை ஒச்சாண்டி பார்த்தார். மேகவர்ணன் குறிப்புத் தாள்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அதையும் ஒச்சாண்டி பார்த்தார். தன்னை மலை மலையாகக் கூட்டிக்கொண்டு போன மனிதர், தன் ஊர் மண்ணில் திக்குத் தெரியாமல் நிற்கிறாரே என்று அவருக்கு அவமானமாக இருந்தது.

“கடைசியாக ஓர் உதாரணம் சொல்லிவிட்டு விடைபெறுகிறேன்,” என்றார் மேகவர்ணன். “ஓர் ஊரில் ஒரு ராஜா இருந்தான்.”

சொல்லிவிட்டு நிறுத்தினார். அது பேச்சாளரின் நிறுத்தம் இல்லை என்பது ஒச்சாண்டிக்கு உடனே புரிந்துவிட்டது. கண்ணாடி போட்டிருந்தால் என்ன, பத்திரிகையில் எழுதினால் என்ன, இந்த மனிதரும் எங்கோ ஒரு களத்தில் கதை கேட்டு வளர்ந்தவர்தான். ராஜா இருந்தான் என்றால் அங்கே ஒன்று வர வேண்டும். அது வராமல் அவரால் அடுத்த அடி வைக்க முடியாது.

ஒச்சாண்டி சங்கரலிங்கத்தைப் பார்த்தார். சங்கரலிங்கம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பவளவல்லி குகை வாசலில் நிற்கிறாள், போன மாதம் அங்கே விட்டதுதான். அவளையும் ஒச்சாண்டி மனசுக்குள் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு வெற்றிலையைப் பக்கத்தில் துப்பினார்.

“உம்,” என்றார்.

மேகவர்ணன் நிமிர்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார். அதற்குப் பின்னால் ஒரு முகம் இருந்தது அப்போதுதான் தெரிந்தது.

“அந்த ராஜாவுக்கு ஒரு நாள் தூக்கம் தொலைந்து போனது.”

“உம்.”

“தொலைந்த தூக்கம் ஒரு பூனையாகி, அரண்மனைக் கூரை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.”

“உம்ம்ம்,” என்று இழுத்தார் ஒச்சாண்டி. சரி, விட்டுத் தருகிறேன்.

அவ்வளவுதான், அணை உடைந்தது. உதாரணமாவது, உரையாவது. பூனை கூரையிலிருந்து குதித்தது, தேர் ஏறியது, அடுத்த நாட்டு ராணியின் மடியில் போய்ப் படுத்தது. மொக்கம்மாள் உம் கொட்டினாள், பின்வரிசை உம் கொட்டியது, கடைசியில் களமே ஒரே வாயாக உம் கொட்டியது. கடைசி பஸ்ஸின் டிரைவர் பொன்னுராஜ் ஹாரன் அடித்து அலுத்து, சண்டை போடுவதற்காகவே இறங்கி வந்தார். வந்தவர் பூனை என்ன ஆயிற்று என்று தெரியாமல் போக மனசில்லாமல் உட்கார்ந்துவிட்டார். பஸ்ஸில் இருந்தவர்கள் அவரைத் தேடி வந்தார்கள். அவர்களும் உட்கார்ந்தார்கள்.

கதை முடிந்தபோது ஒருவரும் கை தட்டவில்லை. சங்கரலிங்கத்தின் துண்டு எங்கே விழுந்தது என்று அவருக்கே தெரியாது. மேகவர்ணன் நேராக ஒச்சாண்டியிடம் வந்து பெயரைக் கேட்டார். ஒச்சாண்டி சொன்னார். மேகவர்ணன் பஸ் ஏறினார். பஸ் புறப்பட்டுப் போனது.

“தம்பி,” என்றார் ஒச்சாண்டி, சங்கரலிங்கத்திடம் தானாகவே போய். “கையடிச்சுக் குடுத்தத மீறிட்டேன். இனிமே உள்ள வரமாட்டேன்.”

சங்கரலிங்கம் அப்போதே ‘விடுங்கண்ணே’ என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் காரியதரிசி என்ற நினைப்பு ஒன்று குறுக்கே உட்கார்ந்திருந்ததே. “பேச்சுன்னா பேச்சுத்தேன்,” என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் அந்த வார்த்தைக்காகவே தூங்காமல் புரண்டார்.

அடுத்த மாதம் பத்திரிகை வந்தது. வெள்ளிக்கிழமை வாசகசாலை நிரம்பி வழிந்தது. ஒச்சாண்டி ரோஷக்காரர், வாசல்படியைக்கூட மிதிக்கவில்லை. எதிரே இருந்த வேப்பமரத்தடியில், ஏதோ காற்று வாங்க வந்தவர் போல முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். காது மட்டும் உள்ளே இருந்தது. அதுவும் வண்டி போகும்போதெல்லாம் பாதிச் சொல் தொலைந்து போனது. அழுகை வரும்போல் இருந்தது அவருக்கு. வெற்றிலையைப் போட்டு அதை அடக்கினார்.

உள்ளே சங்கரலிங்கம் படித்தார். “பவளவல்லி குகை வாசலில் நின்று தன் நிழலைப் பெயர் சொல்லி அழைத்தாள்.”

அதற்கு மேல் சத்தம் வரவில்லை.

“என்னய்யா, மேல படி,” என்றார் மொக்கைச்சாமி.

சங்கரலிங்கம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு படித்தார். “வாசகர் இங்கே நிறுத்த வேண்டும். பக்கத்தில் ஒருவர் உம் என்று சொன்னால்தான் பவளவல்லி உள்ளே போவாள். பக்கத்தில் ஆள் இல்லாதவர்கள் பத்திரிகையை மூடி வைத்துவிட்டு, போய் ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வரவும்.”

மொக்கைச்சாமி ஒரு உம் போட்டுப் பார்த்தார்.

“ஏலே, ஒன் உம்முக்கு ஒரு எலிகூட உள்ள போகாதுலே,” என்றாள் மொக்கம்மாள். எல்லாத் தலையும் வாசல் பக்கம் திரும்பியது.

சங்கரலிங்கம் எழுந்து வாசலுக்கு வந்தார். “அண்ணே, உள்ள வாங்க.”

“வரமாட்டேன் தம்பி. பேச்சுன்னா பேச்சுத்தேன்,” என்றார் ஒச்சாண்டி, திரும்பாமலே.

சங்கரலிங்கம் அவர் முதுகைப் பார்த்தார். பிறகு உள்ளே போய், தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து வேப்பமரத்தடியில் போட்டார். பின்னாலேயே வாசகசாலை முழுக்க எழுந்து வந்து, ஒச்சாண்டியைச் சுற்றி மண்ணில் உட்கார்ந்தது. காரியதரிசியின் பேச்சும் தவறவில்லை, ஒச்சாண்டியின் பேச்சும் தவறவில்லை. உள்ளே வெறும் சுவர்கள்தான் மிச்சம்.

“பவளவல்லி குகை வாசலில் நின்று தன் நிழலைப் பெயர் சொல்லி அழைத்தாள்,” என்று படித்துவிட்டு, சங்கரலிங்கம் காத்திருந்தார்.

ஒச்சாண்டி வெற்றிலையைத் துப்பினார். வாயைத் துடைத்துக்கொண்டார். ஊர் பொறுமையாக இருந்தது.

“உம்,” என்றார்.

பவளவல்லி உள்ளே போனாள்.