ஹாமர் பண்ணை எப்போது வரும்?

ஜூன் மாதத்து முதல் சனிக்கிழமை எங்கள் ஊர் முதியோர் சங்கம் ஸ்காகி கரையைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பும். பதினாறு வருஷமாக அந்தப் பேருந்தை ஓட்டுகிறவன் நான். பிறந்ததிலிருந்து பார்த்துச் சலித்த அதே பாறை, அதே கடல், ஆளைத் தள்ளும் அதே காற்று. அதைக் காட்ட இவர்களுக்கு ஒரு வழிகாட்டி வேறு. உண்மையில் ஒருவரும் கடலைப் பார்க்க வருவதில்லை. வழியில் வரும் ஒவ்வொரு பண்ணைக்கும் வழிகாட்டி மைக்கில் கதை சொல்ல வேண்டும். அங்கே யார் இருந்தார், யாரைக் கட்டினார், எத்தனை பிள்ளை, எது எங்கே போய்ச் சேர்ந்தது. வீடு இடிந்து வெறும் புல்மேடாகக் கிடந்தாலும் சொல்லியாக வேண்டும். ஒன்றை விட்டால் பின்வரிசையில் கைத்தடிகள் தரையைத் தட்டும்.

இந்த வருஷம் வழிகாட்டி ஸ்வாலா, ஊர் நூலகத்தில் வேலை பார்ப்பவள், ஐம்பத்தைந்து வயது. எங்கள் நாட்டில் பிள்ளையின் பெயருக்குப் பின்னால் அப்பன் பெயர் வரும். அவளுக்கு அம்மா பெயர்: க்ரோவாவின் மகள். அவள் பிறந்த காலத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். க்ரோவா ஹாமர் பண்ணையில் பால் கறந்தவள். அந்தப் பண்ணைக்குச் சொந்தக்காரர் தோர்ஃபி. ஸ்வாலாவின் முகத்தைப் பார்த்தால் யாரையும் விசாரிக்க வேண்டாம், மனிதரை அப்படியே உரித்து வைத்திருப்பாள். ஊருக்கே தெரியும். ஊரே வாயை மூடிக்கொண்டிருந்தது.

எங்கள் வட்டாரத்துக் குடும்பங்களின் புத்தகம் இந்த இலையுதிர் காலத்தில் அச்சுக்குப் போகிறது. அதில் ஸ்வாலாவின் பெயருக்கு நேரே, அப்பா என்ற இடத்தில் வெறும் கோடு. தோர்ஃபி ஒரு வார்த்தை சொன்னால் கோட்டை எடுத்துவிட்டுப் பெயரைப் போடுவார்கள். அதற்காகத்தான் அவள் இந்த வேலைக்கே ஒப்புக்கொண்டாள்.

"சொத்து ஒண்ணும் வேணாம் ப்ராந்து," என்றாள் காலையில் என்னிடம். "ஆமா, என் பொண்ணுதான்னு ஒரு தடவை சொன்னா போதும். இன்னைக்குக் கேட்டுடறேன்."

தோர்ஃபிக்கு எண்பத்தெட்டு. கண் கிட்டத்தட்டப் போய்விட்டது. வெளிச்சம் மட்டும் தெரியும். மனைவி ஃபான்னி கையைப் பிடித்து ஏற்றினாள். அடுத்த வாரம் இருவரும் தெற்கே மகன் வீட்டோடு போகிறார்கள். ஹாமரை விற்றாயிற்று, வாங்கியவன் வீட்டை இடிக்கப் போகிறான். பேருந்தில் யார் மூத்தவரோ அவர் பிறந்த வீட்டு வாசலில் வண்டியை நிறுத்துவது எங்கள் வழக்கம். அவர் இறங்கி, குனிந்து புல்லைத் தொடுவார். மற்றவர்கள் தொப்பியைக் கழற்றி நிற்பார்கள். இந்தத் தடவை மூத்தவர் தோர்ஃபி. அதற்காகவே வந்திருந்தார். நிறுத்துவாய்தானே என்று என்னை மூன்று தடவை கேட்டுவிட்டார்.

கல்தூண்கள் வரிசையாக நிற்கும் குடாவில் காபிக்கு இறங்கினோம். காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, புகையிட்ட ஆட்டிறைச்சி வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டிருக்கும்போது யோஃப்ரீதர் கிழவி ஆரம்பித்தாள்.

"ஏம்மா ஸ்வாலா, நீ யாரு வீட்டுப் பொண்ணு?"

புது ஆளைப் பார்த்தால் நாங்கள் முதலில் கேட்கும் கேள்வி அது. ஐம்பது வருஷம் பார்த்தவளிடம் கேட்டால் குத்திப் பார்க்கிறார்கள் என்று பொருள். நாற்பது கோப்பைகளும் வாய்க்குப் போகாமல் நின்றன.

ஸ்வாலா தோர்ஃபியின் எதிரே போய் நின்றாள். "அத இவரத்தான் கேக்கணும். சொல்லுங்க தோர்ஃபி. க்ரோவாவோட பொண்ணு யாரு வீட்டுப் பொண்ணு?"

அவர் மெதுவாக மென்று விழுங்கினார். பிறகு ஹாமரில் பன்னிரண்டு பசு இருந்தது என்று தொடங்கினார். பன்னிரண்டின் பெயரையும் சொன்னார். எது எதன் கன்று, எதற்கு நெற்றியில் வெள்ளை, ஒன்றும் தப்பவில்லை.

"பசுங்க பேரு மறக்குமா," என்றார் முடிவில். "கறக்க வந்தவளுங்க பேரையெல்லாம் எவன் ஞாபகம் வெச்சுக்குவான்?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சுடுகாபியை அவர் தலையில் கவிழ்க்க வேண்டும் போல இருந்தது. ஸ்வாலாவின் முகம் கழுத்துவரை சிவந்தது. அவருடைய கோப்பையில் காபி ஊற்றிவிட்டுப் போனாள். ஃபான்னி சிரிக்கவில்லை. தட்டிலிருந்த ரொட்டியைத் துண்டு துண்டாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டி கிளம்பியது. விக் பண்ணை வந்தது. ஸ்வாலா மைக்கை எடுத்து மூன்று தலைமுறையைப் பிசகில்லாமல் சொன்னாள். அடுத்தது ஹாமர். கடலோரத்துச் சரிவில் வெள்ளைச் சுவர், சிவப்புக் கூரை. நான் பிரேக்கில் காலை வைத்தேன்.

"போ," என்றாள் ஸ்வாலா, மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு.

போனேன். போன வருஷம்தான் அந்தச் சாலைக்குத் தார் போட்டார்கள். முன்பு போலக் குலுக்கல் இருந்திருந்தால் கிழவர் கண்டுபிடித்திருப்பார். நாற்பது பேரும் ஜன்னல் வழியாக அந்த வீடு பின்னால் போவதைப் பார்த்தார்கள். ஒரு கைத்தடிகூடத் தட்டவில்லை. ஸ்வாலா டாலூர் பண்ணையின் கதையைத் தொடங்கினாள்.

தோர்ஃபி கோட்டுப் பொத்தானெல்லாம் போட்டு, தொப்பியைக் கையில் எடுத்துத் தயாராக இருந்தார்.

"ஃபான்னி, நம்ம வீடு வந்துச்சா?"

ஃபான்னி திரும்பி, அந்தக் கூரை மேட்டுக்குப் பின்னால் மறைகிறவரை பார்த்தாள்.

"இன்னும் வரல," என்றாள்.

நான்கு தடவை கேட்டார். நான்கு தடவையும் அதே பதில். முதல் தடவை எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். மூன்றாவது தடவை கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். டாலூரைத் தாண்டி வண்டியைத் திருப்ப நல்ல அகலமான இடம் இருக்கிறது. நான் திருப்பவில்லை. யோஃப்ரீதர் மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

துறைமுகத்தில் போய் நிறுத்திக் கதவைத் திறந்தேன். கடல் வாடை உள்ளே வந்ததும் தோர்ஃபி எழுந்துவிட்டார். ஃபான்னியின் கையை உதறிவிட்டு, இருக்கைகளைத் தடவிக்கொண்டு முன்னால் வந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதுவரை பார்த்ததில்லை. படியில் கை கொடுத்தேன். இறங்கினார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, உள்ளங்கையைத் தரையில் வைத்தார். கை இங்கும் அங்கும் தடவியது. வெறும் சிமெண்ட்.

"புல்லு எங்க?" என்றார்.

ஸ்வாலா படியிலேயே நின்றாள். ஃபான்னி அவளைத் தாண்டி இறங்கி வந்து, கீழே விழுந்து கிடந்த அவர் தொப்பியைப் பொறுக்கித் தலையில் வைத்தாள்.

"இங்க புல்லு கிடையாது," என்றாள். "எழுந்திரிங்க."