போட்டுறாதீங்க

பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழைக் கொடுத்த அன்றைக்கே கிழித்துப் போட்டிருக்க வேண்டும். பதுளையில் ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் பயிற்சி. கொழும்பிலிருந்து வந்தவர் இங்கிலீசில் பேசினார், நாங்கள் தலையாட்டினோம். பழுது பார்ப்பவர் மெயின் சுவிட்சைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். அதற்கென்று ஒரு பூட்டும் தந்தார்கள். தலைமைப் பொறியியலாளர் சிதம்பரநாதன் அதைக் கொண்டுபோய் டீசல் அறைக்குப் போட்டுவிட்டார். டீசல் களவு போகிறதாம். எங்கள் உயிரை யார் களவெடுக்கப் போகிறார்கள்?

எங்கள் வானொலியின் ஒலிபரப்புக் கூடம் லுணுகலைக்கு மேலே, தேயிலை மலையின் உச்சியில் இருக்கிறது. மெயின் சுவிட்ச் ஐம்பது படி கீழே, ஜெனரேட்டர் அறையில். செவ்வாய்க்கிழமை காலை ஒலிபரப்பு நின்றுபோனது. டெக்னீஷியன் சுரேன் மேலே டிரான்ஸ்மிட்டருக்குள் கைவிட்டு வேலை செய்துகொண்டிருந்தான். நான் கீழே, அணைத்து வைத்த சுவிட்சடியில் வாக்கிடோக்கியோடு நின்றேன். பக்கத்தில் சிதம்பரநாதன்.

"பத்து மணிக்கு மந்திரி பேசுறாரு, துஷாந்தி. இன்னும் என்ன பண்றான்?"

"சுரேன், போடவா?" என்று கேட்டேன்.

"அக்கா, போட்டு..." என்பதோடு செட் கரகரத்து நின்றது. 'போட்டுறுங்க' என்றுதான் சொல்ல வந்தான் என்று மிச்சத்தை நானே நிரப்பிக்கொண்டேன்.

"சொல்லிட்டான்ல, போடு!" என்றார் அவர். போட்டேன்.

மேலே வெடித்தது. சுவிட்சை இழுத்துவிட்டுப் படியேறி ஓடினேன். சுரேன் சுவரோடு வீசப்பட்டுக் கிடந்தான். சட்டைக் கை எரிந்துகொண்டிருந்தது. சாக்கால் அடித்து அணைத்தேன். சாக்கோடு தோலும் உரிந்து வந்தது. விரல்கள் கரிந்து, உள்ளங்கையில் எலும்பு தெரிந்தது. வலியில் என் வயிற்றில் உதைத்துக்கொண்டே கத்தினான்.

"போட்டுறாதீங்கன்னுதானே சொன்னேன்!"

அந்தப் பழைய செட்டில் பொத்தானிலிருந்து விரலை எடுக்குமுன்பே கடைசி எழுத்துகள் அறுந்துவிடும். நம் பேச்சில் 'வேண்டாம்' என்பது வார்த்தையின் வாலில்தான் இருக்கிறது. இங்கிலீசில் அது முன்னுக்கு வருகிறது. இரண்டு நாள் பாடம் நடத்தியவருக்கு இது தெரியாது. இந்தச் செட்டோடு ஆறு வருசம் மாரடித்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாவி நான்.

பதுளை ஆஸ்பத்திரியில் மத்தியானமே அவனுடைய வலது கையை முழங்கையோடு எடுத்துவிட்டார்கள். வராந்தாவில் சிதம்பரநாதன் ஒரு தாளை நீட்டினார். பயிற்சி பெற்றும் பூட்டாமல் வேலை செய்தது சுரேனின் தவறு, நேரில் கண்ட சாட்சி நான் என்று எழுதியிருந்தது.

"பூட்டு உங்க டீசல் அறையில தொங்குது, சேர்."

"சுவிட்சப் போட்டது நீ. கையெழுத்து வைக்கலன்னா உன்னத்தான் உள்ள தள்ளுவாங்க." என் மணிக்கட்டை முறுக்கிப் பேனாவை விரல்களுக்குள் திணித்தார்.

மற்றக் கையில் இன்னும் அந்த வாக்கிடோக்கி இருந்தது. அதாலேயே அவர் முகத்தில் அடித்தேன். மூக்கு உடைந்து தாளெல்லாம் ரத்தம். இரண்டாவது அடிக்குக் கையை ஓங்கும்போதுதான் சுரேனின் அம்மா பூவம்மா வந்தார். ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் ஓடி வந்திருந்தார்.

"யாரு எம்புள்ளய இப்புடிப் பண்ணுனது?"

"அவனேதாம்மா, கவனமில்லாம..." என்றார் சிதம்பரநாதன், மூக்கைப் பொத்திக்கொண்டு.

"நாந்தாங்கம்மா கரண்டப் போட்டேன்," என்றேன். "பூட்ட எடுத்தது இவரு. போடச் சொன்னதும் இவரு."

பூவம்மா என் கன்னத்தில் அறைந்தார். உதடு கிழிந்தது. அவர் என் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினார். தாதிமார் ஓடி வந்தார்கள். விலக்க வேண்டாம் என்று அவர்களுக்குக் கை காட்டினேன்.

மூச்சு வாங்க நின்றார். "இத பொலிசுல சொல்லுவியா?"

"சொல்லுறேங்கம்மா."

"உன்னயும்தான் புடிப்பாங்க."

"ஆமாங்க."

இன்னொரு அறை அறைந்தார். பிறகு என் கையை இறுக்கிப் பிடித்து, "நட," என்று ஆஸ்பத்திரிப் பொலிஸ் காவலரணுக்கு இழுத்துக்கொண்டு போனார்.